மார்கழியில் வீட்டு நீச்சல்குளம்: தண்ணீரை எத்தனை டிகிரியில் வைப்பது, எப்படிக் காப்பது?

கேள்வி: கோவையில் வடவள்ளிக்கு அப்பால், மலையடிவாரத்தை ஒட்டிய எங்கள் வீட்டின் கிழக்குப் பக்கத்தில் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரியாக 1.2 மீட்டர் ஆழமும் கொண்ட நீச்சல்குளம் கட்டியிருக்கிறோம். டிசம்பர் பிறந்துவிட்டால் காலையில் தண்ணீர் 23 டிகிரி செல்சியஸ், பிற்பகலில் 25 டிகிரிதான் இருக்கிறது. கணவர் அதிலேயே நீந்திவிடுகிறார். 6, 9 வயதுப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் நடுங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். 68 வயதான என் மாமியாருக்கு மூட்டுத் தேய்மானம். தண்ணீருக்குள் நடக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியும், குளிருக்குப் பயந்து அவர் இறங்குவதே இல்லை. சூடேற்றுவதற்கு மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் 18 கிலோவாட் மின்சூடேற்றி போடலாம் என்கிறார். இன்னொருவர் 12 கிலோவாட் ஹீட் பம்ப் என்கிறார். மூன்றாமவர் மொட்டைமாடியில் 20 சதுர மீட்டருக்கு சோலார் பாய் விரிக்கலாம் என்கிறார். எதை வாங்குவது? வாரத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் தண்ணீர் குறைவதால் கசிவு இருக்குமோ என்ற சந்தேகமும் உண்டு. ஃபில்டரும் அலங்கார நீர்வீழ்ச்சியும் டைமர் வைத்து இரவு 10 மணி முதல் காலை 4 மணி வரை ஓடுகின்றன. மே மாதத்தில் இதே தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டிவிடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அளவுகளையும் நேரங்களையும் இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதற்கு நன்றி. எந்தச் சாதனத்தை வாங்குவது என்பதற்கு முன்னால், இப்போது உங்கள் குளத்திலிருந்து வெப்பம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியில், நீங்கள் கேள்வியாகக் கருதாமல் எழுதியிருக்கும் டைமர் நேரத்தில்தான் பாதி விடை இருக்கிறது என்பது என் கணிப்பு.

முதலில், யாருக்கு எத்தனை டிகிரி என்று பார்ப்போம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தைக் கடத்திச் செல்லும். அதனால்தான் 25 டிகிரிக் காற்றில் சுகமாக உட்கார்ந்திருக்கும் நாம், 25 டிகிரித் தண்ணீரில் அசையாமல் நின்றால் சிறிது நேரத்திலேயே குளிர்கிறது. வேகமாக நீந்துபவரின் தசைகளே வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருப்பதால் அவருக்கு இந்தக் குளிர் ஒரு பொருட்டல்ல. பன்னாட்டு நீச்சல் போட்டிகளுக்கான குளங்களில் தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் உலக நீச்சல் கூட்டமைப்பின் விதி. உங்கள் கணவர் நீந்துவது அந்த வரம்பின் கீழ் எல்லையை ஒட்டித்தான். அவருக்குக் குறை இல்லாததில் வியப்பில்லை. பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம் என்பதால் பெரியவர்களைவிட விரைவாக வெப்பத்தை இழக்கிறார்கள். அவர்களுக்கு 29, 30 டிகிரி வேண்டும். மூட்டுவலி உள்ள முதியவர் மெதுவாக நடக்கவும் கால்களை நீட்டி மடக்கவும் 29 முதல் 32 டிகிரி வரை ஏற்றது. அதற்கு மேல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெந்நீரில் இரத்த நாளங்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்கக்கூடும்; இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து சாப்பிடுபவராக இருந்தால் உங்கள் மாமியார் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரே குளத்தில் 27 டிகிரியையும் 30 டிகிரியையும் ஒன்றாக வைத்திருக்க முடியாதே என்று தோன்றும். ஆனால் திறந்தவெளிக் குளத்தின் தண்ணீர் நாள் முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருப்பதில்லை. விடியற்காலையில் மிகக் குறைவாகவும் பிற்பகல் 3 மணியையொட்டி மிக அதிகமாகவும் இருக்கும். உங்கள் அளவீட்டிலேயே இரண்டு டிகிரி வேறுபாடு தெரிகிறது. காலை வேளையைக் கணவருக்கும் பிற்பகலை மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கிவிட்டால், இந்த ஏற்ற இறக்கமே உங்கள் குடும்பத்துக்குப் பொருந்திவிடும். ஆகவே, காலையில் 27, பிற்பகலில் 29 அல்லது 29.5 என்பதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் 31 டிகிரி என்று இலக்கு வைத்தால், யாரும் இறங்காத இரவு நேரத்துக்காகவும் நீங்கள் பணம் செலவழிப்பீர்கள்.

இனி, வெப்பம் எங்கே போகிறது என்பதற்கு வருவோம். உங்கள் குளத்தில் இருப்பது சுமார் 38,400 லிட்டர் தண்ணீர். அதை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 45 யூனிட் வெப்ப ஆற்றல் தேவை. அதாவது 45 கிலோவாட் மணி. 24 டிகிரியிலிருந்து 29 டிகிரிக்குக் கொண்டுசெல்ல 220 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கெய்சரை நூறு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓடவிட்டால் கிடைக்கும் வெப்பம் அது. அண்டாவில் கொதிக்கக் கொதிக்க நூறு லிட்டர் வெந்நீர் காய்ச்சிக் கொட்டினாலும் குளத்தில் ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஏறாது. இவ்வளவு பெரிய நீர்த்திரளைச் சூடாக்குவது கடினம் என்பதை இது காட்டுகிறது; ஒருமுறை ஏறிய வெப்பத்தை வெளியே விடாமல் காப்பதே லாபம் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

அந்த வெப்பம் பெரும்பாலும் மேற்பரப்பின் வழியாகத்தான் போகிறது. சுவரும் தரையும் மண்ணுக்குள் இருப்பதால் அவற்றின் வழியாகப் போவது சிறிதளவே. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கின்படி, நீச்சல்குளம் இழக்கும் வெப்பத்தில் சுமார் 70 சதவீதம் ஆவியாதலால் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.68 யூனிட் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்லும். உங்கள் குளத்தின் மேற்பரப்பு 32 சதுர மீட்டர். நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் 32 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். அதோடு 21 யூனிட்டுக்கு மேல் வெப்பமும் போயிருக்கிறது. 1.2 மீட்டர் ஆழமுள்ள உங்கள் குளத்துக்கு இந்தக் கணக்கைச் சுருக்கமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்: ஆவியாகிப் போகும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அரை டிகிரி. வாரத்துக்கு ஐந்தரை சென்டிமீட்டர் என்றால் நாளொன்றுக்கு எட்டு மில்லிமீட்டர். அதாவது நான்கு டிகிரி. பகலில் வெயில் தருவதையெல்லாம் மேற்பரப்பு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் அந்த எட்டு மில்லிமீட்டரும் ஆவியாகித்தான் போகிறதா, அல்லது அதில் ஒரு பகுதி கசிகிறதா என்பது தெரிந்தாக வேண்டும். கசிவு இருக்கும் குளத்தில் எந்தச் சூடேற்றி போட்டாலும் சூடான தண்ணீரைத்தான் மண்ணுக்குள் விட்டுக்கொண்டிருப்போம். இதைக் கண்டறிய ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். வாளிக்குள் ஒரு கல்லைப் போட்டு, குளத்தின் முதல் அல்லது இரண்டாம் படியில் வைத்து, குளத்துத் தண்ணீரையே அதில் வெளிமட்டத்துக்குச் சமமாக நிரப்புங்கள். வாளியின் உட்பக்கத்தில் ஒரு கோடும், குளத்துச் சுவரின் டைல்ஸில் ஒரு கோடும் போடுங்கள். நீர்வீழ்ச்சியை நிறுத்திவிட்டு, யாரும் இறங்காமல் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது ஆவியாதல். குளத்தில் மட்டும் தெளிவாக அதிகம் குறைந்திருந்தால் குழாய் இணைப்பு, ஸ்கிம்மர் (மேற்பரப்புக் குப்பையை இழுக்கும் வாய்) ஓரம், விளக்குப் பொருத்திய இடம் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். நீர்வீழ்ச்சி ஓடிய வாரத்தையும் ஓடாத வாரத்தையும் தனித்தனியாக அளந்து பார்த்தால் அதன் பங்கும் வெளியே வந்துவிடும்.

அந்த நீர்வீழ்ச்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கோவையின் பஞ்சாலைகளில் கூலிங் டவர் பார்த்திருப்பீர்கள். சூடான தண்ணீரை மேலிருந்து கீழே சிதறவிட்டு, காற்றோடு உரசவைத்து, அதில் ஒரு பகுதியை ஆவியாக்கி மீதியைக் குளிரவைப்பதுதான் அதன் வேலை. இரவு 10 மணிக்குத் தொடங்கி 4 மணி வரை உங்கள் தோட்டத்தில் நடப்பதும் அதே வேலைதான். மலையடிவாரத்தில் மார்கழி இரவில் காற்று 18, 19 டிகிரிக்கு இறங்கும். ஆவியாதலும் சேர்ந்துகொள்வதால் மெல்லிய தாளாக விழும் தண்ணீர் விரைவாக வெப்பத்தை இழக்கும். ஆறு மணி நேரம் அப்படி ஓடினால் குளம் முழுவதும் அதன் விளைவை உணரும். டைமரை மாற்றுவதற்கு ஒரு ரூபாயும் ஆகாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீர்வீழ்ச்சியை முழுமையாக நிறுத்துங்கள். ஃபில்டரைக் காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை ஓடவிடுங்கள். மணிக்கு 6,400 லிட்டர் கடத்தும் பம்பாக இருந்தால் அந்த ஆறு மணி நேரத்தில் குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒருமுறை சுற்றி வந்துவிடும். தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வரும் முனைகள் மேல்நோக்கி இருந்தால் மேற்பரப்பில் அலையெழும்பி ஆவியாதல் கூடும். அவற்றைக் கையாலேயே சற்றுக் கீழ்நோக்கித் திருப்பிவைத்தால் வெயிலில் சூடான மேல்நீர் அடிவரை கலக்கும், அலையும் அடங்கும்.

அடுத்தது மூடி. நீச்சல்குளக் கடைகளில் பபிள் கவர் என்று கேட்டால் கிடைக்கும். பொட்டலம் கட்டப் பயன்படும் குமிழ்த்தாளைப் போலிருக்கும். ஆனால் வெயிலையும் குளோரினையும் தாங்கும் பாலித்தீனால் ஆனது. 400 அல்லது 500 மைக்ரான் தடிமனில், வெளிர்நீலமாகவோ ஒளி ஊடுருவும் தன்மையுடனோ இருப்பதை வாங்குங்கள். கறுப்பு நிற மூடி வெயிலைத் தானே உறிஞ்சித் தன் மேல்பரப்பை மட்டும் சூடாக்கிக்கொள்ளும். ஒளி ஊடுருவும் மூடியோ வெயிலைத் தண்ணீருக்குள் விட்டு, ஆவியாதலை மட்டும் தடுக்கும். குமிழ்ப்பக்கம் தண்ணீரைத் தொட வேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்டு மூடியால் பயனில்லை என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடி போட்டால் சூடேற்றும் செலவு 50 முதல் 70 சதவீதம் வரை குறையலாம் என்று மேலே சொன்ன அதே துறை குறிப்பிடுகிறது. மூன்று பேரும் கொடுத்த விலைப்புள்ளிகளில் மூடி பற்றிய வரி ஒன்றுகூட இல்லையென்றால், அதை நீங்களே கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மூடியோடு ஒரு ரோலரும் வாங்கிவிடுங்கள். 32 சதுர மீட்டர் மூடியைக் கையால் இழுத்து மடிப்பது இரண்டு பேர் வேலை. சில நாள் சிரமப்பட்டபின் மூடி போடுவதையே விட்டுவிடுவோம். சுருட்டிவைத்த மூடியை வெயிலில் கிடத்தாதீர்கள். அடுக்குகளுக்கிடையே வெப்பம் தேங்கிக் குமிழ்கள் உரிந்துவிடும். பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பபிள் கவர் பாதுகாப்பு மூடி அல்ல. அதன் மேல் கால் வைக்கும் குழந்தை தண்ணீருக்குள் போய்விடும். மூடி மேலே மடிந்துகொண்டால் வெளியே இருப்பவருக்குத் தெரியவும் தெரியாது. பாதி மூடி, பாதி திறந்த நிலையில் யாரையும் நீந்தவிடக் கூடாது. முழுவதும் சுருட்டிய பிறகே இறங்க வேண்டும். குளத்தைச் சுற்றிய வேலியும் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் மூடி வாங்கிய பிறகும் அவசியம்.

வெயிலைப் பற்றியும் கொஞ்சம் பார்க்க வேண்டும். உங்கள் குளம் வீட்டுக்குக் கிழக்கே இருப்பதால் பிற்பகலில் வீட்டின் நிழலே அதன் மேல் விழும், அதற்குச் செய்வதற்கொன்றுமில்லை. தெற்குப் பக்கம் மரங்கள் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், கோவையில் உச்சி வேளையிலும் அது தொடுவானத்திலிருந்து 55 டிகிரிக் கோணத்தில்தான் நிற்கும். பத்து மீட்டர் உயரமுள்ள தென்னை அப்போது ஏழு மீட்டர் தூரத்துக்கு நிழல் வீழ்த்தும். ஏப்ரலில் குளத்தைத் தொடாத அதே மரத்தின் நிழல் மார்கழியில் குளத்தின் நடுவில் கிடக்கும். மூடாத ஒரு குளத்தின் மீது தெளிவான நாளில் விழும் சூரிய ஆற்றல், உங்கள் குளத்தின் பரப்புக்கு ஏறத்தாழ 160 யூனிட். அதில் ஒரு பகுதி மேற்பரப்பிலும் டைல்ஸிலும் பட்டுத் திரும்பிவிட்டாலும், எந்தச் சாதனமும் இல்லாமல் கிடைக்கும் வெப்பம் இதுதான். காய்ந்த மட்டைகளையும் தாழ்ந்த கிளைகளையும் கழித்துவிட்டாலே வேறுபாடு தெரியும். பாலக்காட்டுக் கணவாயின் காற்று உங்கள் பகுதியில் எவ்வளவு வீசும் என்பதை நீங்களே அறிவீர்கள். காற்று வரும் பக்கத்தில் இடுப்பளவுக்கு மேல் அடர்ந்த செடிவேலி ஒன்று இருந்தால், மூடி திறந்திருக்கும் நேரத்திலும் ஆவியாதல் குறையும்.

இவை அனைத்தையும் செய்து, இரண்டு வாரம் அளந்து பாருங்கள். அளப்பதற்கும் முறை உண்டு. மிதக்கும் வெப்பமானி மேல்நீரை மட்டும் காட்டும். ஒரு கயிற்றில் கட்டி முழங்கை ஆழத்துக்கு இறக்கி, பம்ப் அரை மணி நேரம் ஓடிய பிறகு பாருங்கள். வெப்பமானி சரியானதா என்று அறிய, பனிக்கட்டித் தூளும் தண்ணீரும் கலந்த டம்ளரில் விட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும். காலை 6 மணி, பிற்பகல் 3 மணி அளவுகளையும் நீர்மட்டத்தையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். நீர்வீழ்ச்சியை நிறுத்தி, மூடியும் போட்டபின் காலையில் 25.5 அல்லது 26, பிற்பகலில் 27.5 டிகிரி வரை வரும் என்பது என் மதிப்பீடு. அப்படியானால் சாதனத்திடமிருந்து நமக்குத் தேவைப்படுவது இரண்டு டிகிரிதான். நீங்கள் விலை கேட்டபோது நினைத்திருந்த ஐந்தாறு டிகிரி அல்ல.

இந்த இரண்டு டிகிரிக்கு எது பொருத்தம்? 18 கிலோவாட் மின்சூடேற்றியைத் தயங்காமல் தள்ளிவிடலாம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பத்துக்கு மேல் அதனால் தர முடியாது. மும்முனை இணைப்பும் கூடுதல் மின்பளு அனுமதியும் வேண்டும். இரண்டு மாதக் கணக்கில் உங்கள் மின்கட்டணம் மிக உயர்ந்த அடுக்குக்குப் போய்விடும். எரிவாயுவும் விறகு பாய்லரும் பற்றி யாராவது சொன்னால், ஐந்து டிகிரி ஏற்ற 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று போதாது என்பதையும், விறகானால் நூறு கிலோவுக்கு மேல் வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாளியில் போடும் இம்மர்ஷன் ராடைக் குளத்தில் போடும் எண்ணம் யாருக்கும் எந்தக் காரணத்தாலும் வரக்கூடாது. அது உயிரைப் பறித்துவிடும்.

ஹீட் பம்ப் என்பது ஏசியைத் திருப்பிப் போட்டாற்போல வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் சேர்க்கும் இயந்திரம். வெப்பத்தைத் தானே உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு, ஐந்து யூனிட் வெப்பம் கிடைக்கிறது. விற்பனைத் தாளில் போட்டிருக்கும் பெரிய எண் 26, 27 டிகிரி ஈரக்காற்றில் அளந்ததாக இருக்கும். 15 டிகிரிக் காற்றில் அது எவ்வளவு என்று கேளுங்கள். எப்படியும் காற்று இதமாக இருக்கும் காலை 10 முதல் மாலை 4 மணிக்குள் ஓட்டுவதே சிக்கனம். மூடி போட்ட உங்கள் குளத்தை டிசம்பர், ஜனவரியில் 30 டிகிரியில் வைத்திருக்க, நாளொன்றுக்கு 18 முதல் 20 யூனிட் மின்சாரம் ஆகலாம். இரண்டு மாதத்துக்கு 1,100 யூனிட்டுக்கு மேல். மூடி இல்லாவிட்டால் இது இரண்டு மடங்கைத் தாண்டும்.

சோலார் பாய் என்பது வெந்நீருக்காக மாடியில் வைக்கும் கண்ணாடிக் குழாய் அமைப்பு அல்ல. கறுப்பு பாலிபுரொப்பிலீன் அல்லது ரப்பரால் ஆன மெல்லிய குழாய்களை வரிசையாக இணைத்த பாய். அதன் மேல் கண்ணாடி கிடையாது. கண்ணாடிக் குழாய் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்றுவதற்காக வடிவமைக்கப்பட்டது. நமக்கு வேண்டியதோ 28, 29 டிகிரி. மார்கழியில் இரவு எவ்வளவு குளிர்ந்தாலும் கோவையின் பகல் காற்று 28, 29 டிகிரியைத் தொடுகிறது; குளத்துத் தண்ணீரும் மொட்டைமாடிக் காற்றும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருப்பதால் திறந்த பாயிலிருந்து வெப்பம் வீணாவதில்லை. நம் ஊரில் கடுங்குளிர் இரவுகள் வருவது மேகமில்லாத வானத்தோடுதான் என்பதால், குளிர் அதிகமான நாளுக்கு மறுநாள் வெயிலும் நன்றாக இருக்கும். 20 சதுர மீட்டர் பாய் தெளிவான நாளில் சுமார் 60 யூனிட் வெப்பம் தரும். அது உங்கள் குளத்துக்கு நாளொன்றுக்கு ஒன்றே கால் டிகிரிக்கு மேல். மூடியும் இருந்தால் இரவில் இதில் பெரும்பகுதி தங்கி, சில நாட்களில் நமக்கு வேண்டிய இரண்டு டிகிரி சேர்ந்துவிடும். பாயின் பரப்பு குளப் பரப்பில் பாதியிலிருந்து முழு அளவு வரை இருப்பது நல்லது என்பது பொதுவான அளவுகோல். 32-க்கு 20 என்பது அதற்குள் அடங்குகிறது. தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்வாக அமைக்கச் சொல்லுங்கள்.

ஆகவே, என் பரிந்துரை மூடியும் சோலார் பாயும். பாய் குளத்தைவிட மூன்று, நான்கு டிகிரி சூடாக இருக்கும்போது மட்டும் தண்ணீரை மாடிக்கு அனுப்பும் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் வேண்டும்; அது இல்லாமல் நேரடியாக இணைத்துவிட்டால் மேகம் மூடிய நாளில் பாயே குளத்தைக் குளிரவைக்கும். உங்கள் மாமியார் தினமும் 31, 32 டிகிரியில்தான் பயிற்சி செய்ய வேண்டும் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னால் மட்டும் ஹீட் பம்ப் வாங்குங்கள். அப்போது 12 கிலோவாட் அளவு போதும், பெரியது தேவையில்லை.

தண்ணீர் சூடானால் அதன் இரசாயனமும் மாறும். பாசியும் கிருமிகளும் வேகமாகப் பெருகும். குளோரின் விரைவாகச் செலவாகும். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்ந்து மூக்கின் வழியாக நுழைவது. குளோரின் சரியாக இருக்கும் குளத்தில் அதற்கு இடமில்லை. குளோரினை 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரையிலும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7.2 முதல் 7.6 வரையிலும் வைத்திருங்கள். மூடி வெயிலைச் சற்றுத் தடுப்பதால் குளோரின் குறைவாகச் சிதையும். பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தால் கூடிவிடலாம். தினமும் சோதித்துப் போடுங்கள். மருந்து போட்ட பிறகு ஓரிரு மணி நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். போர்வெல் தண்ணீர் கடினமானதாக இருந்தால், சூட்டில் சுண்ணாம்பு படிந்து குழாய்களின் உட்புறம் அடைக்கும் என்பதால் பிஎச் 7.6-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது இன்னும் முக்கியம். மார்கழியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். குறைந்த நீரை ஈடுகட்ட அதை விடுவதில் தவறில்லை. சூட்டுக்காக மட்டும் குளத்தை வடித்து நிரப்புவது வேண்டாம்.

கோடைக்கு எல்லாவற்றையும் தலைகீழாக்க வேண்டும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் கோவைக்கு நேர் உச்சியில் நிற்கும். மார்ச் நடுவிலேயே மூடியைக் கழுவி உலர்த்தி நிழலில் சுருட்டிவிடுங்கள். பகலில் குளத்தின் ஒரு பாதிக்கு மேல் நிழல்துணி கட்டலாம். இரவு நேர நீர்வீழ்ச்சிக்கு அதுதான் சரியான பருவம். சோலார் பாயின் கட்டுப்பாட்டுக் கருவியில் இரவுக் குளிரூட்டும் வசதி இருந்தால், இரவில் தண்ணீரை மாடிக்கு அனுப்பித் திறந்த வானத்துக்குக் கீழே குளிரவைத்துத் திரும்பக் கொண்டுவரலாம். சோலார் பாயை நான் தேர்ந்தெடுத்ததற்கு இது இன்னொரு காரணம். பெரியவர்கள் வேகமாக நீந்துவதற்கு 30 டிகிரிக்கு மேற்பட்ட தண்ணீர் நல்லதல்ல. உடல் உண்டாக்கும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் களைப்பும் தலைச்சுற்றலும் வரும். மே மாதத்தில் உங்கள் கணவர் விடியற்காலையில் மட்டும், இடையிடையே தண்ணீர் குடித்துக்கொண்டு நீந்தட்டும்.

விலைப்புள்ளியை இறுதி செய்யும்போது சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சூடேற்றும் அமைப்பு ஃபில்டருக்குப் பிறகும், குளோரின் சேர்க்கும் கருவிக்கு முன்பும் வர வேண்டும். குளோரின் செறிந்த தண்ணீர் பின்னோக்கி வராதபடி இடையில் ஒருவழி வால்வு வேண்டும். பாயைப் பழுது பார்க்கும்போதும் ஃபில்டர் ஓடுவதற்கு பைபாஸ் குழாய் வேண்டும். ஹீட் பம்ப் என்றால் உள்ளே வெப்பம் மாற்றும் குழாய் டைட்டானியமாக இருக்க வேண்டும். செம்பு குளோரின் தண்ணீரில் அரித்து டைல்ஸிலும் கறை படியவிடும். எந்த மின்கருவியும் குளத்தின் விளிம்பிலிருந்து மூன்றரை மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். அதற்கான இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, முறையான எர்த்திங் ஆகியவற்றோடு, குளத்தின் எஃகு ஏணியும் கைப்பிடிகளும் அந்த எர்த்திங்கோடு இணைக்கப்பட்டிருப்பதை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் சோதித்துக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். இந்தச் சான்று கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.